இடமிருந்து வலமாக போர்ட் எல்லிக்

ஸ்காட்லாந்துக் கடற்கரை ஊரான போர்ட் எல்லிக்கில் ஜேம்சினாவை எல்லோரும் "மிசஸ் ஃபிளெட்" என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் மரியாதை என்று நினைத்துக்கொள்வார். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது. அந்த ஊரில் ஒருத்தியை அப்படிக் கூப்பிட்டால் 'நீ எங்களில் சேர்த்தி இல்லை' என்று அர்த்தம்.

அந்தத் துறைமுகத்தில் ஃபிளெட், மேர் என்ற இரண்டு குடும்பப் பெயர்களைத் தவிர மூன்றாவது பெயர் மருந்துக்கும் கிடையாது. பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதிலும் கஞ்சத்தனம்தான். ஆண் என்றால் ஜேம்ஸ், ஜார்ஜ், வில்லியம், அலெக்சாண்டர். பெண் என்றால் அதே பெயருக்கு ஒரு வால். ஜேம்சுக்கு ஜேம்சினா, வில்லியமுக்கு வில்லியமினா. ஆகவே பட்டப்பெயர் இல்லாமல் அங்கே தபால்கூடப் போய்ச் சேராது. வாக்காளர் பட்டியலில் பட்டப்பெயர் உண்டு, கல்லறைக் கல்லிலும் உண்டு. 'ராஜா' என்பது ஒரு குடும்பம், 'டாலர்' ஒரு குடும்பம், 'பூட்ஸ்' ஒரு குடும்பம். தாத்தாவும் ராஜா, அப்பாவும் ராஜா, தொட்டிலில் கிடக்கும் பேரனும் ராஜா.

இது முகத்துக்கு நேரே சொல்லும் பெயர். இது போக, ஆளுக்கு ஆள் முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு. அதைச் சம்பந்தப்பட்டவர் காதில் போடாமல் பார்த்துக்கொள்வதில் அந்த ஊர்க்காரர்கள் கில்லாடிகள். வீட்டுக்குள் மனைவி புருஷனிடம் அதைச் சொல்லமாட்டாள், ஆனால் அடுத்த தெருவில் அவன் பெயரே அதுதான்.

ஜேம்சினாவுக்கு முகத்துக்குச் சொல்லும் பெயரும் கிடையாது, முதுகுக்குச் சொல்லும் பெயரும் கிடையாது. காரணம், அவள் ஸ்கார்டீக்காரி. ஸ்கார்டீ எங்கே இருக்கிறது? பாறை முனைக்கு அந்தப் பக்கம். காற்று சாதகமாக இருந்தால் அந்த ஊர்த் தேவாலய மணி இங்கே கேட்கும். இரண்டு ஊரும் ஒரே கடலில் ஒரே மீனைத்தான் பிடிக்கின்றன. புகையூட்டிய ஹாடக் மீனைப் போட்டு ஒரே சூப்பைத்தான் வைக்கின்றன. பாலை முதலில் ஊற்றுவதா, உருளைக்கிழங்கை முதலில் போடுவதா என்பதில்தான் தலைமுறை தலைமுறையாகத் தகராறு. 1963இல் டோட் ஃபிளெட் என்கிற மீனவனைக் கட்டிக்கொண்டு ஜேம்சினா இந்தப் பக்கம் வந்தபோது, கல்யாண விருந்திலேயே ஒரு கிழவர் அவளைப் பார்த்து, "பரவாயில்ல, பாக்க நல்லாத்தான் இருக்கா, ஸ்கார்டீன்னு சொல்லவே முடியாது" என்றார். அவர் மனதார வாழ்த்தியதுதான் அது.

டோட்டின் அத்தை ஒரு பேப்பர் கடை வைத்திருந்தார். செய்தித்தாள், புகையிலை, மிட்டாய், கம்பளி நூல், பூட்ஸ் கயிறு. அத்தைக்கு மூட்டுவலி வந்ததும் கடை ஜேம்சினா கைக்கு வந்தது. அந்த வருஷப் பனிக்காலத்தில்தான் பெர்த் நகரத்திலிருந்து கில்க்ரிஸ்ட் என்கிற மனிதர் தன் பழைய காரின் பின்பக்கம் தரையைத் தொட, கடை வாசலில் வந்து நின்றார். அவரே சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்தினார். தன் புத்தகங்களையும் மற்ற சின்னப் பதிப்பகங்களின் புத்தகங்களையும் காரில் அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேப்பர் கடை, டீக்கடை, பெட்ரோல் பங்க் என்று போட்டுவிட்டு வருவார். கம்பியால் செய்த, சுற்றிவிட்டால் சுழலுகிற ஒரு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இது என்னங்க?" என்றாள் ஜேம்சினா.

"ஸ்காட்லாந்து," என்றார் கில்க்ரிஸ்ட். "முழுசா இருக்கு. சுத்திப் பாருங்க."

அவள் சுற்றிப் பார்த்தாள். முதல் அடுக்கில் பேய்கள். கோட்டைப் பேய், சத்திரத்துப் பேய், தலையில்லாத மேளக்காரன். அடுத்த அடுக்கில் கொலைகள், தூக்கில் தொங்கியவர்கள், தப்பித்துப் போனவர்கள். பிறகு சூப்பும் ஓட்ஸ் ரொட்டியும் செய்யும் முறைகள். எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம் போட்ட துணி என்பதற்கு ஒன்று. கால்பந்து வீரர்களின் வாழ்க்கை, மலையேறும் வழிகள், மூழ்கிய கப்பல்கள், நின்றுபோன ரயில் பாதைகள், எரிக்கப்பட்ட சூனியக்காரிகள், வடகிழக்குப் பேச்சில் குடியானவன் நகைச்சுவை, ஆட்டுநாய் வளர்ப்பு. எல்லாம் மெல்லிசுப் புத்தகங்கள், கோட்டுப் பையில் அடங்கும்.

"பள்ளிக்கூடத்துல இதெல்லாம் ஒண்ணும் சொல்லித் தரலையே," என்றாள்.

"சொல்லித் தந்திருந்தா எவன் வாங்குவான்?"

அன்று சாயங்காலமே ஒரு சூனியக்காரியை வீட்டுக்கு எடுத்துப் போனாள். அதோடு சரி, டோட்டுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைப்பது நின்றது. விற்கவேண்டியது என்பதால் புத்தகத்தின் முதுகு மடங்காமல், ஜன்னலை லேசாகத் திறந்து பார்ப்பதுபோல் பார்த்துப் பார்த்துப் படிப்பாள். படித்ததைக் கடைக்கு வருகிறவர்களிடம் பேசாமல் அவளால் இருக்கமுடியாது. ஒரு வருஷத்தில் அந்த ஸ்டாண்டு இரண்டானது. பிறகு கம்பளி நூல் இருந்த சுவரையும் புத்தகங்கள் பிடித்துக்கொண்டன.

யார் எதை வாங்குவார்கள் என்று வெளியே நின்று யாரும் சொல்லிவிட முடியாது. பெல்லா மேர் என்று ஒரு விதவை. டாலர் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் ஜெபக் கூடத்தில் முன்வரிசை. அந்த அம்மாளுக்குக் கொலை வேண்டும். சும்மா கத்திக்குத்து எல்லாம் போதாது, விஷம் வேண்டும், அதுவும் நல்ல குடும்பத்தில் நடந்திருக்க வேண்டும். பின்னல் வேலைப் பத்திரிகைக்குள் சொருகித்தான் வாங்கிப் போவார். சாண்டி மேர் என்கிற படகு கேப்டன், ராஜா குடும்பம், ஆறடிக்கு மேல் உயரம், குரலெடுத்தால் கடற்பறவை எழும். அவர் சமையல் புத்தகம் ஒன்றுவிடாமல் வாங்குவார். வலை இழுக்கிற நேரம் போகப் படகுக்குள் கேக் செய்வார். மலைப் பாதைப் புத்தகங்களை எல்லாம் வாங்குகிறவர் முழங்கால் போன தபால் ஆபீஸ்காரர். உட்கார்ந்த இடத்திலேயே ஸ்காட்லாந்தின் எல்லாச் சிகரங்களையும் ஏறி முடித்துவிட்டார்.

எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. போர்ட் எல்லிக்கைப் பற்றி ஒரு புத்தகம் கிடையாது. கடற்கரை ஊர்களைப் பற்றி வந்த புத்தகங்கள் எல்லாம் ஸ்கார்டீயில் இடிந்த கோட்டை ஒன்று இருக்கிறது என்று ஒரு பத்தி எழுதிவிட்டு, அப்படியே போர்ட் எல்லிக்கைத் தாண்டிக் குதித்து அடுத்த ஊருக்குப் போய்விடும். ஊர்க்காரர்கள் ஒவ்வொரு புதுப் புத்தகத்தையும் எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு வைத்துவிடுவார்கள். ஸ்கார்டீக்குப் பத்தி உண்டு, நமக்கு இல்லை என்பது அவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜேம்சினா அதை எழுத உட்கார்ந்தாள். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால், விற்கும் என்றுதான் சொல்லியிருப்பாள். உண்மைக் காரணத்தை டோட்டிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

"முப்பது வருஷமா இவங்க பேப்பரை நான்தான் மடிச்சுக் குடுக்கறேன். இவங்க பிள்ளைங்க எல்லாம் என் கடை மிட்டாய்ல வளந்தது. இன்னமும் நான் மிசஸ் ஃபிளெட். இந்தப் புத்தகம் வந்தாலாவது ஒருத்தராவது 'நம்ம ஜேம்சினா'ன்னு சொல்றாங்களா பாக்கறேன். அப்பவும் சொல்லலன்னா அப்புறம் நான் இதை நெனைக்கறதையே விட்டுடுவேன்."

டோட் பேசுகிறவன் இல்லை. முதுகு வலியால் கடலை விட்டுக் கரையேறியவன். தலையை மட்டும் ஆட்டினான்.

வீடு வீடாகப் போய்ப் பழைய போட்டோக்களைக் கேட்டாள். கொடுத்தார்கள், ஆனால் சும்மா கொடுக்கவில்லை. பெல்லா மேர் கடையிலேயே நின்று, நாலு பேர் கேட்கச் சொன்னார்.

"போட்டோ தரேன், மிசஸ் ஃபிளெட். ஆனா ஒண்ணு. ஸ்கார்டீக்காரி வந்துதான் எங்க கதையை எழுதணுமா? எங்களுக்குக் கை இல்லையா?"

"கை இருக்கு, மிசஸ் மேர். யாரும் எழுதலையே."

"அவசரப்படலை, அவ்வளவுதான்," என்றார் பெல்லா.

இரண்டு பனிக்காலம் எழுதினாள். புயலில் போன படகுகள், ஹெர்ரிங் மீன் வெட்டப் போன பெண்கள், துறைமுகச் சுவர் இரண்டு தடவை கட்டி இரண்டு தடவை விழுந்த கதை எல்லாம் எழுதினாள். யாரையும் புண்படுத்தாமல் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்துப் பார்த்து எழுதினாள். கில்க்ரிஸ்ட் படித்துவிட்டுச் சந்தோஷமாகப் போன் செய்தார்.

"பிரமாதம். ஆனா படங்களுக்குக் கீழ யார் யாருன்னு போடணும். இடமிருந்து வலம். இந்த மாதிரிப் புத்தகத்தை ஜனங்க படிக்கறதே அதுக்குத்தான். சீக்கிரம் வேணும், அச்சுக்குப் போகுது."

அந்த வாரம் பார்த்து ஜேம்சினாவுக்கு நல்ல காய்ச்சல். படுத்தபடியே டோட்டிடம் சொன்னாள்: "நீயே எழுதி அனுப்பிடு. உனக்குத்தான் எல்லாரையும் தெரியுமே. பேரை மட்டும் சரியாப் போடு."

டோட் சமையலறை மேஜையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினான். தப்பில்லாமல் எழுதினான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை. தபாலிலும் அவனே போட்டான். கில்க்ரிஸ்ட் அப்படியே அச்சில் ஏற்றிவிட்டார். அவர் பெர்த்காரர், அவருக்கு என்ன தெரியும்.

அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மீனவர் மண்டபத்தில் வெளியீடு. ஊரே வந்திருந்தது. வராமல் இருந்தால் மற்றவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாமல் போய்விடும். பெரிய பாத்திரத்தில் டீ கொதித்தது. முட்டை சான்ட்விச், ஸ்கோன் பன், கேப்டன் சாண்டி தானே செய்து கொண்டுவந்த இஞ்சிக் கேக். ஜேம்சினா நீலச் சட்டை போட்டு, தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். புத்தகம்தான் வரவில்லை. கடல்மூடுபனியில் வழி தவறிப்போன கில்க்ரிஸ்ட், எல்லோரும் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பெட்டிகளைப் பிரித்தார். ஜேம்சினா ஒரு பிரதியைக் கையில் எடுத்து அட்டையைத் தடவினாள். அட்டையில் துறைமுகம், அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயர். உள்ளே திறந்து பார்ப்பதற்குள் ஜனங்கள் மேஜையை மொய்த்துவிட்டார்கள்.

யாரும் முதல் பக்கத்திலிருந்து படிக்கவில்லை. நேராகப் படங்களுக்குத்தான் போனார்கள்.

முதலில் பேச்சு நின்றது. பிறகு டீக் கோப்பை வைக்கிற சத்தமும் நின்றது.

"இது என்ன?" என்றார் கேப்டன் சாண்டி. அவர் குரல் இவ்வளவு மெதுவாக வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஜேம்சினா எழுந்து அவர் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தாள். 1958இல் ஒரு புதுப் படகு நீரில் இறங்கிய நாள். துறைமுகச் சுவரில் ஐந்து பேர் சிரித்தபடி நிற்கிறார்கள். கீழே அழகான எழுத்தில் அச்சாகியிருந்தது: "இடமிருந்து வலம்: கயித்தோடு, அழுமூஞ்சி, ரெண்டாம் தட்டு, நாளைக்கு, ஒத்தக்கண் பெல்லா."

அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அதற்கடுத்த பக்கத்தையும் புரட்டினாள். புத்தகம் முழுக்க அப்படித்தான். ஊரின் முதுகுக்குப் பின்னால் முப்பது நாற்பது வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த பெயர்கள் எல்லாம் பளபளப்பான தாளில் இறங்கியிருந்தன.

"டோட்," என்றாள். "என்ன பண்ணி வெச்சிருக்க?"

டோட் சுவரோரமாக நின்றிருந்தான். அவனுக்கு விஷயம் இன்னும் பிடிபடவில்லை. "பேர் போடச் சொன்ன. போட்டேன்."

"இந்தப் பேரா?"

"வேற எந்தப் பேரு? ஜேம்ஸ் ஃபிளெட்னு போட்டா பதினோரு பேர் இருக்கான். ராஜான்னு போட்டா தாத்தாவா பேரனான்னு தெரியாது. கடல்ல ஒருத்தரைப் பத்திப் பேசும்போது இப்படித்தான் சொல்லிக்குவோம். இப்படிப் போட்டாத்தான் ஆளு யாருன்னு தெரியும்."

பெல்லா மேர் புத்தகத்தை மூடினார். மேஜைமேல் வைத்தார். கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு கதவை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

ஜேம்சினாவுக்கு உள்ளுக்குள் எல்லாம் இடிந்து விழுந்தது. இனிமேல் மிசஸ் ஃபிளெட் என்றுகூட யாரும் கூப்பிடமாட்டார்கள், ஸ்கார்டீக்காரி கடைசியில் புத்தியைக் காட்டிவிட்டாள் என்பார்கள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். "எல்லாரும் புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க," என்றாள். "படத்துக்குக் கீழ எல்லாத்தையும் மாத்தி, வேற அச்சடிச்சுத் தரேன். தயவு பண்ணிக் குடுத்துடுங்க."

வேடிக்கை என்னவென்றால் ஒருவரும் கொடுக்கவில்லை. அவரவர் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

கேப்டன் சாண்டி இன்னும் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் வரை சிவந்திருந்தது. "கயித்தோடு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அது ஒரே ஒரு தடவை நடந்தது. கயித்தை அவுக்க மறந்து இஞ்சினை முடுக்கிட்டேன். அதுக்கு நாப்பது வருஷமா?"

"துறைமுக ஏணியையும் சேத்து இழுத்துட்டுப் போனீங்களே, கேப்டன்," என்றார் தபால் ஆபீஸ்காரர். "ஏணியில ஆள் இருந்தான்."

"நீ பேசாத. நீ என்னன்னு பாக்கறேன் இரு." சாண்டி அதே படத்தின் மேல் விரலை இடமிருந்து வலமாக ஓட்டினார். தபால் ஆபீஸ்காரர் எட்டிப் பிடுங்கப் பார்த்தார், முழங்கால் இடம் கொடுக்கவில்லை. சாண்டி கண்டுபிடித்தார். படித்தார். மண்டபம் அதிரச் சிரித்தார். "ரெண்டாம் தட்டு. கடவுளே, ரெண்டாம் தட்டு. எங்க அப்பா சாவு வீட்டுல இவன் மூணு தட்டு வாங்கினான், நான் பாத்தேன்."

கதவுப் பிடியில் கை வைத்திருந்த பெல்லா நின்றார். திரும்பவில்லை, ஆனால் நின்றார்.

"அந்த அழுமூஞ்சி யாரு?" என்று கேட்டார், கதவைப் பார்த்தபடியே.

யாரோ சொன்னார்கள். பெல்லா திரும்பினார். "அவனா? ஜெபக் கூடத்துல என் பக்கத்துல உக்காந்து என் கைக்குட்டையை வாங்கிக்குவானே, அவனா?" திரும்ப நடந்து வந்து மேஜைமேல் வைத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டார். "அந்த 'நாளைக்கு' யாருன்னு மட்டும் பாத்துட்டுப் போறேன்."

அவ்வளவுதான், மண்டபம் பற்றிக்கொண்டது. தன் பெயரைப் பார்த்துக் கோபப்பட்டவர்களுக்கெல்லாம் அடுத்தவர் பெயரைப் பார்க்காமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கூச்சல், ஒரு மறுப்பு, இரண்டு சாட்சி. பெயர் எப்படி வந்தது என்று ஒருவர் சொல்ல, அது தப்பு, நான் அங்கே இருந்தேன் என்று இன்னொருவர் ஆரம்பிக்க, இரண்டு ஜேம்ஸ் ஃபிளெட்கள் ஒருவரையொருவர் தோளில் அடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் அழாத குறையாகத் தன்னை எந்தப் படத்திலும் காணோமே என்று டோட்டைப் பிடித்து உலுக்கினாள். டோட் அவளுக்கும் ஒரு பெயர் இருப்பதாகக் காதில் சொன்னான். அவள் அவனை அடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே போய்த் தன் அக்காவிடம் சொன்னாள். கில்க்ரிஸ்ட் ஒன்றும் புரியாமல் இஞ்சிக் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெல்லா மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒத்தக்கண்," என்றார்.

"மிசஸ் மேர், சத்தியமா எனக்குத் தெரியாது."

"ஜெபம் பண்ணும்போது ஒரு கண்ணைத் திறந்து யார் யார் வந்திருக்காங்கன்னு பாப்பேனாம். பாக்கத்தான் செய்வேன். யாராவது பாக்கணுமே." பெல்லா கைப்பையைத் திறந்து மூடினார். "எங்க எல்லாரையும் சந்தைக்குக் கொண்டுவந்துட்ட. உன் பேரையும் படிச்சிடலாமா?"

"எனக்குப் பேர் கிடையாது, மிசஸ் மேர். நான் ஸ்கார்டீ."

பெல்லா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

அந்தப் படத்தை ஜேம்சினா கொடுக்கவில்லை. அப்படி ஒரு படம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. கடைக்குள் எடுத்தது, அறுபதுகளாக இருக்கவேண்டும். கல்லாவுக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு பெண், ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் விரலை உயர்த்தி, வாயைத் திறந்தபடி. எதிரே மூன்று பேர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார்கள். கீழே ஒரே வரி: "பாதி, தன் கடையில்."

"பாதின்னா?" என்றாள் ஜேம்சினா.

அத்தனை பேர் முகத்திலும் திருட்டு முழி. கடைசியில் சாண்டிதான் சொன்னார்.

"நீ கதை சொல்ற லட்சணம். டாக்டர் தன் பொண்டாட்டிக்கு விஷம் கலந்த பாலைக் கொண்டுபோய்க் குடுப்பான். அவ குடிப்பா. கதவைத் தட்டுற சத்தம் கேக்கும். அந்த இடத்துல நீ நிறுத்திட்டு, 'பேப்பர் மட்டும் போதுமா, புகையிலை வேணுமா'ன்னு கேப்ப. மனுஷன் அன்னிக்கு ராத்திரி எப்படித் தூங்குவான்?"

"வாங்கணும்னுதான் அப்படிச் சொல்லுவேன்."

"வாங்கத்தான் வாங்கினோம். எங்க வீட்டுல ஒரு அலமாரி நிறையக் கெடக்கு," என்றார் தபால் ஆபீஸ்காரர். "நான் வீட்டுக்குப் போனதும் எங்க அம்மா கேக்கற முதல் கேள்வி, 'இன்னிக்கு பாதி என்ன சொன்னா?' மலைப் பாதைப் புத்தகத்தைக்கூட நீ பாதி வழியில நிறுத்துவ. நான் பனியில நின்னுக்கிட்டிருப்பேன்."

"பாதி கடைக்குப் போயிட்டு வரேன்னுதான் எங்க பசங்க சொல்லும்," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "உங்க பேரு ஜேம்சினான்னே அதுங்களுக்குத் தெரியாது."

ஜேம்சினா டோட்டைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரியும். இத்தனை வருஷமும் தெரியும். புருஷன் சொல்லக்கூடாது என்பது ஊர் வழக்கம், அவன் மீறவில்லை, எங்கிருந்தோ அந்தப் படத்தைத் தேடி எடுத்துச் சேர்த்து அனுப்பி, பெயரை அதற்குக் கீழே போட்டுவிட்டான்.

"எப்போலேர்ந்து?" என்று பெல்லாவைக் கேட்டாள்.

"அந்தச் சுத்துற ஸ்டாண்டு வந்த பனிக்காலத்துலேர்ந்து. வெச்சது நான்தான்."

"நீங்களா? அப்புறம் ஏன் என்னை மிசஸ் ஃபிளெட், மிசஸ் ஃபிளெட்டுன்னு..."

"வேற என்னன்னு கூப்பிடறது? பின்னால சொல்ற பேரை மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? உனக்குத் தெரிஞ்சு, நீ கோவிச்சுக்கிட்டு, கதையை முழுசாச் சொல்ல ஆரம்பிச்சுட்டா? இல்ல, சொல்றதையே நிறுத்திட்டா? பசங்க யாராவது வாய் தவறி உன் முன்னால சொல்லிடப் போறாங்கன்னு இந்த ஊரே உன் விஷயத்துல எவ்வளவு ஜாக்கிரதையா இருந்திருக்கு தெரியுமா?"

ஜேம்சினா உட்கார்ந்துவிட்டாள். இந்த ஊர் தன்னைச் சேர்த்துக்கொண்டு முப்பது வருஷமாகிறது, தனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. எத்தனை கிறிஸ்துமஸ், எத்தனை கல்யாணம், ஓரமாக நின்று தட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பெல்லா தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"நல்லாத் தொடச்சுக்கோ. கையெழுத்துப் போடணும். ஆளுங்க நிக்கறாங்க."

உண்மைதான், கதவு வரை வரிசை நின்றது. முதலில் நின்றவர் கேப்டன் சாண்டி. தன் பிரதியை மேஜைமேல் திறந்து வைத்தார். ஜேம்சினா பேனாவை எடுத்து, பள்ளிக்கூடத்தில் பழக்கிய உருண்டை எழுத்தில், "அன்புடன், ஜேம்சினா ஃபிளெட்" என்று எழுதிக் கொடுத்தாள்.

சாண்டி புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பின்னால் நின்ற பெல்லாவிடம் காட்டினார். பெல்லா உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார்.

"இது யாரு?" என்று கேட்டார் சாண்டி. "இப்படி யாரையும் எனக்குத் தெரியாதே."

புத்தகத்தைத் திரும்ப அவள் முன்னால் வைத்தார். ஜேம்சினா எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் கீழே "பாதி" என்று எழுதினாள். சாண்டி படித்துப் பார்த்து, "ம், இப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்.